தர்மபுரி ஆர்மி கோச்சிங் அகாடமி ரிவ்யூ: கிரவுண்டுக்கு காசு குடுங்க, ஆபீசர் காம்போக்கு குடுக்காதீங்க

பேரு போடல. போட்டா அடுத்த நாளே ஓனர் போன் பண்ணுவாரு, அவரு மச்சான் வேற எங்க ஊர்ல தான் இருக்காரு, எதுக்கு வம்பு. ஆனா தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் இருக்கற பசங்களுக்கு பேரு தேவையே இல்ல, இந்த மாதிரி அகாடமி நம்ம பக்கம் நாலஞ்சு இருக்கு, எல்லாத்துலயும் வாசல்ல அதே துப்பாக்கி புடிச்ச சோல்ஜர் பேனர் தான், எல்லாத்துலயும் அதே பேச்சு தான். நான் மூணு மாசம் இருந்தேன். ரெண்டாவது வருஷம் பி.எஸ்சி மேத்ஸ் முடிச்ச லீவுல சேந்து மூணாவது வருஷம் காலேஜ் ஆரம்பிச்ச அப்புறமும் காலைல மட்டும் போயிட்டு இருந்தேன்.

மொத்தமா 5க்கு எவ்ளோன்னு கேட்டா கிரவுண்டுக்கு (ஓட்டம், புல் அப்ஸ் பயிற்சி) 4.5, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு 3, ஆபீசர் கிளாசுக்கு பூஜ்ஜியம், ஆபீஸ் ரூம்ல உக்காந்து நம்ம வாழ்க்கைய முடிவு பண்ற அந்த கவுன்சிலிங்குக்கு மைனஸ்ல போடலாம்.

கவுன்சிலிங்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்க தான் எல்லாரும் மாட்டறோம். கண்ணாடி போட்ட டேபிள், கண்ணாடிக்கு அடில செலக்ட் ஆன பசங்க போட்டோ, நல்லா உத்து பாத்தா ஒரே பையன் ரெண்டு எடத்துல இருக்கான் சட்டை மட்டும் வேற. எங்கப்பாவும் நானும் போனோம். சுவத்துல அளவு டேப் ஒட்டி வெச்சிருக்காங்க, நின்னேன், 164 அரைன்னு சொன்னாரு ஓனர். "ஒண்ணரை செ.மீ தானேப்பா, பார்ல டெய்லி தொங்குனா மூணு மாசத்துல வந்துரும், எத்தன பேர நான் வளத்து விட்டிருக்கேன்"ன்னாரு. அக்னிவீர் (நாலு வருஷ சிப்பாய் வேலை) ஜெனரல் டூட்டிக்கு தமிழ்நாட்டு பசங்களுக்கு 166 செ.மீ வேணும், அது எனக்கு அப்ப தெரியாது, அவரு சொல்லி தான் தெரியும். சரி தொங்குவோம்னு எங்கப்பாவும் தலையாட்டுனாரு, 8,000 கட்டுனோம். அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு வேற விஷயமா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு பிட்னஸ் சர்டிபிகேட் வாங்க போனப்ப அங்க அளந்தா 163. வந்து அகாடமி சுவர பாத்தா டேப் தரைல பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கல, ஒண்ணரைல ஆரம்பிக்குது. தெரிஞ்சு பண்ணாங்களா தெரியாம பண்ணாங்களான்னு சொல்ல மாட்டேன், ஆனா 21 ஆகப்போற பையன் ஒண்ணரை செ.மீ வளருவான்னு நம்பி காசு கட்டுனது நாங்க தான்.

அடுத்த மாசம் அவரே கூப்ட்டு "தம்பி உனக்கு ஆபீசர் லுக் இருக்கு, காம்போல சேந்துரு"ன்னாரு. காம்போன்னா அக்னிவீர் கிரவுண்ட் பிளஸ் சி.டி.எஸ் (ஆபீசர் ஆக யு.பி.எஸ்.சி நடத்தற எழுத்து தேர்வு) பிளஸ் எஸ்.எஸ்.பி (அதுல பாஸானா நடக்கற ஆபீசர் இண்டர்வியூ), 35,000. எஸ்.எஸ்.பி 100% கேரண்டின்னு நோட்டீஸ்லயே அடிச்சிருக்காங்க. பாதி கட்டுனேன், 17,500. ஒரு பசு மாடு வித்த காசுல பாதி அது.

என்ன சொல்லி குடுத்தாங்கன்னு கேளுங்க. வாரத்துக்கு மூணு நாள் சாயங்காலம் ஒரு அக்கா வருவாங்க, பாவம் அவங்க பி.எட் படிச்சிட்டு இருந்தாங்க, நல்லா தான் சொல்லி குடுப்பாங்க, ஆனா அவங்க கைல இருக்கறது பேங்க் எக்ஸாம் மெட்டீரியல், வட்டி விகிதம் ரயில் வேகம் எல்லாம். சி.டி.எஸ்ல ஓ.டி.ஏ (சென்னைல இருக்கற ஆபீசர் ட்ரெய்னிங் அகாடமி) மட்டும் போட்டா மேத்ஸ் பேப்பரே கிடையாது, இங்கிலீஷ் 100 ஜி.கே 100 அவ்ளோ தான், டேராடூன் ஐ.எம்.ஏ (ராணுவ அகாடமி), நேவி, ஏர்போர்ஸ் போடறவங்களுக்கு தான் மேத்ஸ் மூணாவது பேப்பர். இது கூட அந்த அக்காவுக்கு யாரும் சொல்லல. ஸ்பைரல் பைண்டிங் போட்ட மெட்டீரியல்ல 40வது பக்கத்துல பேங்க் லோகோ அப்டியே ஜெராக்ஸ் ஆகி இருந்துச்சு.

சரி திட்டுனது போதும். நல்லத சொல்றேன்.

கிரவுண்ட் மாஸ்டர். பென்னாகரம் பக்கம் சொந்த ஊரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட், 24 வருஷம் சர்வீஸ் போட்டு ஹவில்தாரா ரிட்டயர்டு ஆனவரு. காலைல நாலே முக்காலுக்கு விசில். கழுத்துல துண்டு, கால்ல ஹவாய் செருப்பு, அதோடயே நம்ம கூட பாதி ரவுண்டு ஓடிருவாரு. 1.6 கிலோமீட்டர் ஓட்டம் அஞ்சரை நிமிஷத்துக்குள்ள முடிச்சா ரேலில (ராணுவம் நடத்தற உடல் தகுதி தேர்வு) 60 மார்க், புல் அப்ஸ் 10 எடுத்தா 40 மார்க், இந்த 100 மார்க்குக்கு தான் அவரு மொத்த உசுரும். எல்லாரையும் ஒரே மாதிரி ஓட விட மாட்டாரு. நாலு லேப்னு வெச்சா முதல் லேப் யாராவது வேகமா போனா விசில் அடிச்சு நிறுத்திருவாரு, "டேய் மொத லேப்ல குதிர கடைசி லேப்ல கழுதையா, திரும்பி வா"ம்பாரு. மூணாவது லேப் தான் உண்மையான ஓட்டம்னு சொல்லுவாரு, அது சத்தியமா உண்மை, மூச்சு வாங்கி வயிறு புடிக்கறது அங்க தான், அங்க எவன் கைய ஆட்டறத விடலயோ அவன் அஞ்சரைக்குள்ள வருவான். என் ரூம்மேட் பாலக்கோடு பையன், 6 நிமிஷம் 20 செகண்ட்ல வந்தான், மூணு மாசத்துல 5:24. அவன் ஏற்கனவே ஆன்லைன் எக்ஸாம் பாஸ் பண்ணிட்டு ரேலிக்காக மட்டும் வந்தவன். 9 அடி பள்ளம் தாண்டறதுக்கு மணல் போட்டு அவரே மம்முட்டி புடிச்சு வெட்டி வெச்சிருந்தாரு. இவ்ளோ வேலை செய்யற மனுசனுக்கு அகாடமி குடுக்கற சம்பளம் கேட்டா உங்களுக்கே கஷ்டமா இருக்கும், பென்ஷன் இருக்கறதால ஓடுதுன்னாரு.

ஹாஸ்டல் சாப்பாடு ராத்திரி களியும் கீரை கொழம்பும், காலைல முட்டை ரெண்டு. குறை சொல்ல மாட்டேன். தண்ணி தான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ.

இப்ப மேட்டருக்கு வர்றேன். நான் ஒரு நாள் ஓட்டம் முடிஞ்சு பார்ல தொங்கிட்டு இருந்தேன், தொங்கி தொங்கி உள்ளங்கைல தோலே போச்சு. மாஸ்டர் வந்து பாத்தாரு. "என்ன தம்பி டெய்லி இதே வேலையா இருக்க"ன்னாரு. உயரம் சார், 163 தான் இருக்கேன்னேன். அவரு சிரிக்கல. துண்ட எடுத்து மூஞ்சி தொடச்சிட்டு கீழ எறங்குன்னாரு. காலேஜ் எந்த வருஷம், ப்ளஸ் டூல எத்தன பர்சென்ட், வயசு எத்தன, வீட்ல கடன் இருக்கா, இவ்ளோ தான் கேட்டாரு. கடைசி வருஷம், 58%, 21 ஆகப்போவுது, கடன் கொஞ்சம் இருக்கு ஆனா அண்ணன் ஓசூர்ல கம்பெனில இருக்கான்னு சொன்னேன்.

அப்புறம் அவரு சொன்னது தான் எனக்கு 25,500 ரூபாய்க்கு கெடச்ச ஒரே கவுன்சிலிங். ஜெனரல் டூட்டிக்கு 166, நீ இல்ல. டெக்னிக்கலுக்கு 165, நீ இல்ல. கிளார்க்குக்கு 162 போதும் ஆனா ப்ளஸ் டூல மொத்தமா 60% வேணும், உனக்கு 58. திட்டம் அறிவிச்சப்பவே பதினேழரைல இருந்து 21னு தான் வயசு வெச்சாங்க, அதுவும் உனக்கு ஓரத்துல நிக்குது. ஆனா ஆபீசருக்கு 157 போதும். டிகிரி இருந்தா போதும், ப்ளஸ் டூ பர்சென்ட் எவனும் கேக்க மாட்டான், டிகிரி முடிக்க கூட வேணாம், கடைசி வருஷத்துல இருந்தாலே சி.டி.எஸ் எழுதலாம். ஓ.டி.ஏக்கு 25 வயசு வரைக்கும் டைம் இருக்கு. "சிப்பாயா சேர உனக்கு உயரம் பத்தல தம்பி, சிப்பாய்கிட்ட சல்யூட் வாங்கறதுக்கு பத்தும்"ன்னாரு. அப்ப தான் சிரிச்சாரு.

எனக்கு கோவம் தான் வந்துச்சு. இத ஓனர் முதல் நாளே சொல்லி இருக்கலாம்ல. சொல்லி இருந்தா கிரவுண்ட் பீஸ் போயிருக்கும்.

இன்னொன்னும் சொன்னாரு, என்.சி.சில இருக்கியான்னு கேட்டாரு. இல்ல. முதல் வருஷமே பேரு குடுத்தேன் ஆனா காலைல பால் சொசைட்டிக்கு பால் ஊத்தற வேலை எனக்கு, பரேடும் அதே டைம், விட்டுட்டேன். சி சர்டிபிகேட் பி கிரேடோட இருந்து டிகிரில 50% இருந்தா சி.டி.எஸ் ரிட்டன் எக்ஸாமே எழுதாம நேரா எஸ்.எஸ்.பி இண்டர்வியூக்கு போகலாம், ஸ்பெஷல் எண்ட்ரின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ எடுக்கறாங்க. சி சர்டிபிகேட்டுக்கு மூணு வருஷம் வேணும், அதனால முதல் வருஷத்துல இருக்கற தம்பி தங்கச்சிங்க இத படிச்சா மாட்டுக்கு வேற ஆள பாத்துட்டு பரேடுக்கு போங்க. ஆமா தங்கச்சிங்களும் தான், ஓ.டி.ஏல பொண்ணுங்களும் எடுக்கறாங்க, சி.டி.எஸ்ல பொண்ணுங்களுக்கு அப்ளிகேஷன் பீஸ் கூட கிடையாது, எஸ்.சி, எஸ்.டி தவிர மத்த பசங்களுக்கு 200 ரூபாய்.

இப்ப எல்லாரும் கேக்கறது அக்னிவீர், ஆபீசர் ரெண்டுல எது நல்லதுன்னு. எனக்கு பதில் தெரியாது, ஆனா ரெண்டையும் ஒரே பஸ்ஸோட முன் சீட்டு பின் சீட்டு மாதிரி அகாடமில விக்கறாங்க பாருங்க அது தான் தப்பு. ரெண்டும் வேற வேற வேலை. என் ரூம்மேட் விஷயமே எடுத்துக்கங்க. அவன் 168 செ.மீ, 19 வயசு, வீட்ல அப்பா இல்ல, தங்கச்சி நர்சிங் சேரணும். அவனுக்கு நாளைக்கு இல்ல இன்னைக்கு சம்பளம் வேணும். கோயம்புத்தூர் ரெக்ரூட்டிங் ஆபீஸ் தான் நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும், அவங்க நடத்துன ரேலில செலக்ட் ஆகி வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சு இப்ப வடக்க எங்கயோ இருக்கான், எங்கன்னு அவனும் சொல்ல மாட்டான் நானும் கேக்க மாட்டேன். முதல் வருஷம் 30,000, அதுல 9,000 சேவா நிதிக்கு புடிச்சு கைக்கு 21,000. நாலாவது வருஷம் 40,000, கைக்கு 28,000. அவன் புடிக்கறதுக்கு சமமா கவர்மெண்ட்டும் போட்டு நாலு வருஷ கடைசில வட்டியோட சுமார் 11.71 லட்சம் வரும், வரி இல்ல. பென்ஷன் இல்ல. நாலு வருஷம் கல்யாணம் பண்ண முடியாது. 100 பேர்ல 25 பேர வரைக்கும் தான் நிரந்தரமா வெச்சுக்குவாங்க. அவன் முதல் மாசத்துல இருந்தே 15,000 வீட்டுக்கு அனுப்பறான், தங்கச்சி சேந்தாச்சு. அவன்கிட்ட போய் நீ டிகிரி முடிச்சிட்டு ஆபீசர் ஆகி இருக்கலாம்னு சொல்ற தைரியம் எனக்கு கிடையாது, சொல்றவன் முதல்ல அந்த பொண்ணோட பீஸ கட்டட்டும்.

ஆனா ஒரு விஷயம் அவனே சொன்னான், காலேஜ் ரெண்டாவது வருஷத்துல விட்டது தான் உறுத்துதாம். அக்னிவீருங்களுக்குன்னு இக்னோ டிகிரி இருக்கு, ட்ரெய்னிங்ல கத்துக்கறதுக்கே பாதி கிரெடிட் குடுக்கறாங்க, அதுல சேரணும்னு சொல்லிட்டே இருக்கான், ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தா புக்க தொறக்கவே தோணலயாம். ஆறு மாசத்துல டிகிரி கைக்கு வரும்னு இருக்கற பையனுக்கு கணக்கு வேற, அவ்ளோ தான் சொல்றேன். அகாடமில "வயசு போயிரும் வயசு போயிரும்"னு ஒரு பாட்டு பாடுவாங்க, அது அக்னிவீருக்கு தான் போவுது, ஆபீசருக்கு இப்ப தான் ஆரம்பிக்கவே செய்யுது.

ஆபீசர் பக்கம் சம்பளம் மட்டும் பாத்தா யாருக்கும் மயக்கம் வரும். லெப்டினண்டுக்கு பேசிக்கே 56,100, அது போக மிலிட்டரி சர்வீஸ் பே 15,500. பரங்கிமலை ஓ.டி.ஏல 49 வாரம் ட்ரெய்னிங், அந்த டைம்லயே மாசம் 56,100 ஸ்டைபண்ட். பத்து வருஷ கமிஷன் (ஆபீசர் பதவி), வேணும்னா இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2006ல கமிஷன் ஆனது இதே ஓ.டி.ஏல இருந்து தான், அவரும் பி.காம் படிச்சவரு தான், ராக்கெட் சயின்ஸ் இல்ல.

இதெல்லாம் நான் மாஸ்டர்கிட்ட கண்ணு விரிச்சு சொன்னேன். அவரு ஒரு பீடிய பத்த வெச்சிட்டு (எங்களுக்கு மட்டும் கூடாதுன்னு சொல்லுவாரு) "நான் 24 வருஷம் இருந்தேன், எனக்கு மேல வந்த லெப்டினண்ட் சாப் எல்லாம் உன்ன மாதிரி பையனுங்க தான், 22, 23 வயசு. நல்லா ஓடறவன எல்லாம் நாங்க மதிச்சது இல்ல. லீவு கேட்டு ஒருத்தன் போய் நிக்கறான்னா அவங்கம்மாக்கு என்ன ஆபரேஷன்னு ஞாபகம் வெச்சிருக்கானே அவன தான் மதிச்சோம். உனக்கு உன் வேலைய மட்டும் பாத்துட்டு ராத்திரி நிம்மதியா தூங்கணுமா அப்ப சிப்பாய் வேலை ராஜ வேலை. முப்பது பேர் பிரச்சனைய தலமாட்டுல வெச்சிட்டு தூங்க முடியுமா, முடியும்னா அங்க போ"ன்னாரு. இத 35,000 காம்போல எந்த பக்கத்துலயும் போடல.

நான் காம்போவ விட்டுட்டேன். கட்டுன காச திருப்பி கேட்டேன், ரசீதுல பணம் திருப்பி தரப்படாதுன்னு பொடி எழுத்துல இருக்காம், கண்ணாடி போட்டு பாத்தா இருக்கு. மாவட்ட மைய நூலகத்துல உக்காந்து படிச்சேன், பழைய சி.டி.எஸ் கொஸ்டின் பேப்பர் எல்லாம் யு.பி.எஸ்.சி சைட்லயே ப்ரீயா இருக்கு, என்.சி.இ.ஆர்.டி புக்கும் ப்ரீ. கேள்வி இங்கிலீஷ்லயும் இந்திலயும் மட்டும் தான், தமிழ் கிடையாது, தப்பா போட்டா மூணுல ஒரு பங்கு மார்க் போகும். தமிழ் மீடியம் பசங்க இங்கிலீஷ் பேப்பர நெனச்சு பயப்படுவாங்க, நானும் தமிழ் மீடியம் தான், டெய்லி ஒரு பேப்பர் நேரம் வெச்சு போட்டு பாத்தேன், நாலு மாசம். கடைசி வருஷம் சென்னைல போய் எழுதினேன், ரிட்டன் கிளியர்.

எஸ்.எஸ்.பி பெங்களூர்ல. நம்மாளுங்களுக்கு ஒரு வசதி, நாட்டுல எங்கெங்கயோ இருந்து பசங்க ரெண்டு நாள் ட்ரெயின்ல வந்து எறங்கறாங்க, நாம தர்மபுரில காலைல ஏறுனா மத்தியானம் அங்க இருக்கலாம். கிருஷ்ணகிரி டவுன்காரங்களுக்கு ட்ரெயின் ஸ்டேஷனே இல்ல, அவங்க பஸ் தான், அது இன்னும் பக்கம். மொத்தம் அஞ்சு நாள். முதல் நாள் ஸ்கிரீனிங், அதுல தேறுனா தான் மீதி, கதை எழுதறது, 15 செகண்டுக்கு ஒரு வார்த்தைன்னு 60 வார்த்தைக்கு வாக்கியம் எழுதறது, கயிறு கட்டை பலகை வெச்சு குரூப்பா தாண்டறது, இண்டர்வியூ, கடைசி நாள் கான்பரன்ஸ்.

நான் முதல் நாளே அவுட். நெஞ்சுல நம்பர் மாட்டி விட்டாங்க, ரீசனிங் டெஸ்ட் நல்லா போட்டேன், அப்புறம் மங்கலா ஒரு படம் 30 செகண்ட் காட்டுனாங்க, 4 நிமிஷத்துல கதை எழுதணும். ரெண்டு ஆளு, பக்கத்துல ஏதோ வண்டி. என் கண்ணுக்கு அது ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி ஏத்துற டெம்போ தான், அப்டியே எழுதினேன், விலை விழுந்துருச்சு ரெண்டு பேரும் சேந்து லோட பெங்களூருக்கு கொண்டு போய் விக்கறாங்கன்னு. கதை நல்லா தான் இருந்துச்சு. ஆனா அத குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒரு நிமிஷம் சொல்லணும், அப்புறம் எல்லாரும் பேசி ஒரே கதையா முடிக்கணும், மீன் மார்க்கெட் தோத்துரும் அவ்ளோ சத்தம், நான் ரெண்டே தடவ வாய தொறந்தேன் ரெண்டு தடவயும் பக்கத்துல இருந்த பையன் பிடுங்கிட்டான். சாயங்காலம் நம்பர் கூப்டாங்க, என் நம்பர் வரல. முதல் தடவ வர்றவங்களுக்கு போக வர ஏ.சி த்ரீ டயர் ட்ரெயின் சார்ஜ் தர்றாங்க, அது வந்துச்சு. காம்போல நூறு பர்சென்ட் கேரண்டி குடுத்த எடத்துல இந்த ஸ்கிரீனிங்னு ஒரு வார்த்தையாவது யாராவது சொல்லி இருந்தா நாலு பேரோட உக்காந்து சத்தமா கதை சொல்லி பழகியிருப்பேன். அதுக்கு காசு வேணாம், நாலு பிரெண்டு போதும். இப்ப அத தான் பண்றேன், வாரத்துக்கு மூணு நாள் காலேஜ் ஜூனியர் பசங்களோட. செப்டம்பர்ல திரும்ப எழுதறேன்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் மார்க் ஷீட்ட எந்த அகாடமிலயும் குடுக்காதீங்க. சேரும்போது கேட்டாங்க, எங்கப்பா எழுத படிக்க தெரியாத ஆளு, அவரு தான் "ஒரிஜினல எதுக்கு குடுக்கணும்"னு பைய மடில வெச்சிட்டு விடவே இல்ல. ரூம்மேட் குடுத்துட்டான். ரேலிக்கு முந்துன நாள் கேட்டா "செலக்சன் சார்ஜ்" 5,000 கட்டுன அப்புறம் தான் குடுத்தாங்க. ராணுவத்துல சேர அப்ளிகேஷன் பீச தவிர யாருக்கும் ஒரு ரூபா குடுக்க வேண்டியது இல்ல.

அப்ப சேரலாமா வேணாமான்னு கேட்டா, முதல்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில போய் உயரம் அளந்துட்டு வாங்க. 166க்கு மேல இருந்து ரேலி தேதி கைல இருந்தா கிரவுண்ட் பேட்ச் மட்டும் சேருங்க, 8,000க்கு அந்த மாஸ்டர் தாராளமா தாங்குவாரு. ஆபீஸ் ரூமுக்குள்ள கூப்ட்டா பஸ்சுக்கு டைம் ஆச்சுன்னு சொல்லிட்டு வந்துருங்க. நாலே முக்காலுக்கு கேட்ட மூடிருவாரு, ஒரு நிமிஷம் லேட்னாலும் உள்ள விட மாட்டாரு, நான் ரெண்டு தடவ வெளிய நின்னு வேலிக்கு இந்தப் பக்கமே ஓடிட்டு போனவன்.